சிறைவீடு: நிபந்தனையோடு கூடிய விடுதலை – ஓர் ஆய்வு

முன்னுரை

‘சிறைவீடு’ என்னும் சொல்லை இன்று கேட்பவர், கைதிகள் அடைபட்டிருக்கும் கட்டடத்தையே எண்ணுவர். பழந்தமிழில் அச்சொல்லுக்குப் பொருள் அதுவன்று. ‘வீடு’ என்பது விடுதலை. ‘சிறைவீடு’ என்பது சிறையினின்று விடுதல். அரசர்கள் மகிழ்வெய்திய நாள்களில் வரியை நீக்கியதைக் ‘கறைவீடு’ என்றும், சிறைக் கதவுகளைத் திறந்ததைச் ‘சிறைவீடு’ என்றும் நம் முன்னோர் வழங்கினர். அடைக்கும் இடத்தின் பெயரன்று, திறக்கும் செயலின் பெயரே பழையது என்பது எண்ணத்தக்கது.

வகுப்பில் மணிமேகலையைப் பாடஞ்சொல்லும்போது மாணவர் ஒருவர் எழுந்து, “குற்றம் செய்தவனை விடுவித்தால் குற்றத்துக்கு ஆளானவனுக்கு என்ன நீதி?” என வினவினார். அவ்வினாவுக்கு வகுப்பு மணி அடிப்பதற்குள் விடை கூற நம்மால் இயலவில்லை. அவ்வினா கோவையில் எழுந்தமையால் அதற்குத் தனி எடை உண்டு. இந்நகரில் சிறை கண்ட குடும்பங்களும் உள்ளன. அன்புக்குரியவரைக் குண்டுக்கும் கத்திக்கும் பறிகொடுத்த குடும்பங்களும் உள்ளன. இருவரும் ஒரே தெருவில் நடக்கின்றனர். ஆகவே, திருந்திய சிறைவாசிக்கு நிபந்தனையோடு விடுதலை அளிப்பது அறமா, அறமெனின் அந்நிபந்தனைகள் எத்தன்மையவாய் இருத்தல் வேண்டும் என்பதை இலக்கியத்தின் துணைகொண்டும் சட்டத்தின் துணைகொண்டும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இலக்கியம் காட்டும் நெறி

சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் வார்த்திகன் என்னும் அந்தணன் வரலாறு வருகிறது. அவன் மகன் அணிந்திருந்த அணிகலன்களைக் கண்டு ஐயுற்ற காவலர், அரசனுக்குரிய புதையலைக் கவர்ந்தான் எனத் தந்தையைச் சிறையிலிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்ப, ஐயை கோயிலின் கதவு திறவாது நின்றது. பாண்டியன் உண்மை அறிந்து, வார்த்திகனை விடுவித்துப் பிழைபொறுக்க வேண்டி, ஊர்களையும் அளித்தான் என்பது கதை. இங்கு நாம் ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். பிழையாகச் சிறைப்பட்டவனை விடுவிப்பது அருளன்று. அரசு பட்ட கடனைத் தீர்ப்பதாகும். அத்தகையோனுக்கு நிபந்தனை விதித்தல் தகாது. நாம் ஆராய்வது, குற்றம் உண்மையாகவே செய்து, தண்டனையின் பெரும்பகுதியைக் கழித்து, உள்ளம் மாறியவனைப் பற்றியதாகும்.

அதற்கு மணிமேகலை துணைசெய்கிறது. ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்பது அக்காப்பியத்தின் 19ஆம் காதையின் பெயர். அமுதசுரபியோடு சிறைக்குள் புகுந்த மணிமேகலை, அங்கிருந்தோர் பசி தீர்க்கிறாள். செய்தி அறிந்த சோழ மன்னன் அவளை அழைத்து வேண்டுவது யாதென வினவ, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு அவள் கேட்கிறாள், அவனும் இசைகிறான். சிறையை அறம் செய்யும் இடமாக எண்ணிப்பார்த்த முதல் தமிழ்க் குரல்களுள் இஃது ஒன்று எனலாம்.

ஆயின் சாத்தனார் எளிய முடிவோடு நின்றுவிடவில்லை. அடுத்த காதையிலேயே மன்னன் மகன் உதயகுமாரன் வெட்டுண்டு இறக்கிறான். கொன்றவன் வேறொருவனாயினும், சிறைப்படுபவள் மணிமேகலை. மகனை இழந்த அரசமாதேவி அவளைச் சிறையினின்று தன்னிடம் அழைத்துக்கொண்டு பலவாறு துன்புறுத்துகிறாள். முடிவில் தன் பிழை உணர்ந்து பொறுத்தருள வேண்டுகிறாள். மகனை இழந்த தாயின் சினத்தை ஆசிரியர் மறைக்கவுமில்லை, இழிவுபடுத்தவுமில்லை. அச்சினத்தைக் கடந்துவரும் வழியையே காட்டுகிறார். விடுதலையைப் பற்றிப் பேசுவோர் இழந்தோரின் துயரைப் பேசாதொழிதல் கூடாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

வள்ளுவரும் இரு பக்கமும் நோக்குகிறார். செங்கோன்மை அதிகாரத்தில் கொடியோரை ஒறுத்தலைப் பயிருக்குக் களையெடுப்பதற்கு ஒப்பிடுகிறார். வெருவந்த செய்யாமை அதிகாரத்தின் தொடக்கத்திலோ, குற்றம் மீண்டும் நிகழாதிருத்தலையே தண்டனையின் அளவாகக் கூறுகிறார். தண்டனையின் நோக்கம் அதுவாயின், அந்நோக்கம் நிறைவேறிய பின்னும் தண்டனையை நீட்டிப்பது எதற்காக என்னும் வினா தானே எழுகிறது.

நிபந்தனை விடுதலையின் பழைய சான்று

நிபந்தனையோடு விடுவித்தல் என்பது அண்மைக் காலச் சட்டம் கண்டுபிடித்ததன்று. கி.பி. 624இல் நிகழ்ந்த பத்ருப் போரில் சிறைப்பட்டோர் ஏறத்தாழ 70 பேர். மீட்புத்தொகை கொடுக்க இயலாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள், மதீனாவின் சிறுவர் பதின்மருக்கு எழுத்தறிவித்தால் விடுதலை பெறலாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். பகைவனை ஆசிரியனாக்கிய நிபந்தனை அது. கைதியால் நிறைவேற்றக்கூடியது, நிறைவேறியதா என எவரும் காணக்கூடியது, துன்புற்ற ஊருக்கே பயன் தருவது.

அதே போரில் சிறைப்பட்ட அபூ அஸ்ஸா என்னும் கவிஞர், இனி எதிர்த்துப் போரிடுவதில்லை என்னும் வாக்குறுதியின் பேரில் மீட்புத்தொகையின்றி விடுவிக்கப்பட்டார். அவ்வாக்கை அவர் மீறினார். உஹதுப் போரை அடுத்து மீண்டும் பிடிபட்டபோது அவருக்கு மன்னிப்புக் கிட்டவில்லை. அருளுக்கும் எல்லை உண்டு, வாக்குக்கும் விலை உண்டு என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

கோவைச் சிறையும் வ.உ.சி.யும்

கோவை மத்திய சிறை 1872இல் அமைந்தது. அதே ஆண்டில் பிறந்தவர் வ.உ.சிதம்பரனார். 1908 ஜூலையில் நெல்லையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்க, அவர் இச்சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். இங்கே அவர் இழுத்த செக்கு தமிழர் நெஞ்சில் நிலைத்துவிட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பரில் விடுதலையானார்.

வ.உ.சி. குற்றவாளி அல்லர், நாட்டுக்காகச் சிறை சென்றவர். ஆதலின் திருந்திய கைதி என்னும் பேச்சு அவருக்குப் பொருந்தாது. எனினும் விடுதலைக்குப் பின் அவர் பட்ட பாடு நமக்கு ஓர் உண்மையைத் தெரிவிக்கிறது. அவருடைய வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சிறைக்கதவு திறந்தும் பிழைப்பின் கதவு மூடியே கிடந்தது. வறுமையில் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே நீதிபதி வாலஸ் என்பவரின் உதவியால் உரிமம் மீண்டது. அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். தொழில் செய்யும் உரிமையைத் திருப்பித் தராத விடுதலை அரை விடுதலையே என்பது இதனால் விளங்கும்.

சட்டம் கூறுவன

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டுகள் என்று பலரும் கருதுகின்றனர். அது பிழை. ஆயுள் தண்டனை என்பது வாழ்நாள் முழுமைக்குமானது. அரசு முறைப்படி குறைத்தாலன்றி அது முடிவதில்லை எனக் கோபால் விநாயக் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961இல் தெளிவுபடுத்தியது. 14 ஆண்டுகள் என்பது, 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 433அ பிரிவினால் வந்த கீழ்வரம்பு. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர், அவ்வளவு காலம் சிறையில் கழித்தாலன்றி அச்சட்டத்தின்கீழ் விடுதலைக்குரியவர் ஆகார் என்பதே அதன் பொருள். உரிமையாகத் திறக்கும் கதவன்று அது. தட்டுவதற்கு அனுமதி கிடைக்கும் நாள் மட்டுமே.

விடுவிக்கும் அதிகாரம் இரு ஊற்றுகளினின்று வருகிறது. ஒன்று அரசமைப்புச் சட்டம்: 72ஆம் உறுப்பு குடியரசுத் தலைவருக்கும், 161ஆம் உறுப்பு ஆளுநருக்கும் மன்னிக்கவும் தண்டனையைக் குறைக்கவும் அதிகாரம் தருகின்றன. ஆளுநர் இதனை அமைச்சரவையின் அறிவுரைப்படியே பயன்படுத்த வேண்டும் என 1980இல் மாருராம் வழக்கு கூறியது. 2022 மே 18 அன்று பேரறிவாளன் வழக்கில் அது மீண்டும் வலியுறுத்தப்பட்டது. மற்றொன்று நடைமுறைச் சட்டம்: முன்பு 432, 433, 433அ என வழங்கிய பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 473, 474, 475 என இடம்பெற்றுள்ளன.

இப்பிரிவில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய கூறு ஒன்றுண்டு. அரசு நிபந்தனையின்றியும் தண்டனையைக் குறைக்கலாம். அல்லது ‘தண்டனை பெற்றவர் ஏற்றுக்கொள்ளும்’ நிபந்தனைகளோடும் குறைக்கலாம் எனச் சட்டம் கூறுகிறது. நிபந்தனை மேலிருந்து விழும் ஆணையாக மட்டும் அமையாது, ஏற்பவனின் இசைவையும் வேண்டிநிற்கிறது. மீறினால் விடுதலை நீக்கப்படும்; பிடியாணையின்றியே கைது செய்து எஞ்சிய தண்டனையைக் கழிக்கச் செய்யலாம்.

யாரை விடுவிப்பது?

திருந்தியவர் யார் என எதனைக்கொண்டு அறிவது? 2000ஆம் ஆண்டில் இலட்சுமண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சில அளவுகோல்களைத் தந்தது. குற்றம் சமுதாயம் முழுவதையும் பாதிக்காத தனிச்செயலா. மீண்டும் குற்றம் நிகழும் வாய்ப்பு உண்டா. குற்றம் செய்யும் ஆற்றலைக் கைதி இழந்துவிட்டாரா. மேலும் அடைத்துவைப்பதால் பயன் உண்டா. குடும்பத்தின் பொருளாதார நிலை யாது என்பன அவை.

இவற்றுள் முதல் அளவுகோல் கைதியின் கையில் இல்லை, கடந்தகாலத்தில் உறைந்துவிட்டது. ஏனையவை மாறக்கூடியவை. முதலாவதை மட்டும் கொண்டு வாழ்நாள் முழுவதற்கும் கதவடைக்கலாமா என்பதே இன்றைய வழக்கின் கரு. கேரளச் சிறையில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இருந்த ஒருவரின் வழக்கில், 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இவ்வினாவை எதிர்கொண்டது. குற்றத்தின் வகையை மட்டும் நோக்கி, சிறைக்குள் ஒருவர் அடைந்த மாற்றத்தை நோக்காமலே முன்விடுதலையை மறுப்பது, சீர்திருத்தம் என்னும் கருத்தையே பொய்யாக்கிவிடும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வினா கொங்கு மண்ணுக்கு நெருங்கியது. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் கலவரம் நிகழ்ந்து உயிர்கள் மாண்டன. 1998 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்தனர். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டோருள் எக்குற்றமும் அறியாத சாலைவழிப்போக்கரும் வணிகரும் தொழிலாளரும் இருந்தனர். அக்கொடுமைக்கு எக்காரணமும் நியாயமாகாது என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் கூறுவது நம் கடமை. அவ்வாறு கூறிய பின்னரே விடுதலையைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு வாய்க்கும்.

தமிழக அரசு தலைவர்களின் பிறந்தநாளையொட்டி ஆயுள் சிறைவாசிகளை முன்விடுதலை செய்துவந்துள்ளது. அண்ணாவின் பிறந்தநாளையொட்டி 2021 நவம்பரில் வெளிவந்த அரசாணை, சமயப் பூசல் தொடர்பான குற்றங்கள் உள்ளிட்ட சில வகைகளை விலக்கியது. அவ்விலக்கில் அகப்பட்டோருள் முஸ்லிம் சிறைவாசிகள் பலர். இக்குறை குறித்து எழுந்த வேண்டுகோள்களை அடுத்து, 2021 டிசம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி என். ஆதிநாதன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2022இல் அது தன் பரிந்துரைகளை அளித்தது. முதற்கட்டமாக 49 பேரின் முன்விடுதலைக்கான கோப்பு ஆளுநருக்கு அனுப்பப்பட்டதாகவும், அவர்களுள் 20 பேர் முஸ்லிம்கள் என்றும் 2023 அக்டோபரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் தெரிவித்தார்.

இதில் நம் நிலைப்பாடு யாதாதல் வேண்டும்? நம்மவர் என்பதால் விடுவிக்க வேண்டும் என்பது அறமன்று. பிறர் என்பதால் விடுவிக்கக்கூடாது என்பதும் அறமன்று. குஜராத்தில் பில்கிஸ் பானு வழக்கின் குற்றவாளிகள் 11 பேர் முன்விடுதலை பெற்றபோது நாடெங்கும் மனம் பதறியது. அம்முடிவெடுக்க அம்மாநில அரசுக்கு அதிகாரம் இல்லை எனக் கூறி உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரி 8 அன்று அவ்விடுதலையை நீக்கியது. அன்று நாம் கேட்டவை: உரிய அரசு முடிவெடுத்ததா, நீதிபதியின் கருத்து மதிக்கப்பட்டதா, பாதிக்கப்பட்டவர் எண்ணப்பட்டாரா என்பன. அதே வினாக்களை எவர் விடுதலைக்கும் நாம் கேட்க வேண்டும். ஒரே துலாக்கோல் இருவரையும் நிறுத்தாயின், அது துலாக்கோல் என்னும் பெயருக்குரியது.

நிபந்தனைகள் எத்தன்மையவாய் இருத்தல் வேண்டும்?

முதலாவது, நிபந்தனை தெளிவாய் இருத்தல் வேண்டும். குஜராத்தைச் சேர்ந்த ஒரு கைதிக்கு, ஈராண்டுகள் ‘கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும்’ என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டது. கண்ணியம் எது என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. அதிகாரி விரும்பியவாறு பொருள் கொள்ளலாகும். ஆதலின் அது தன்னிச்சையானது என 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. மேலும், புதிதாக ஒரு வழக்குப் பதிவானது என்பதாலேயே விடுதலையை நீக்கலாகாது. அறிவிப்புத் தந்து, விளக்கம் கேட்டு, காரணம் கூறியே நீக்க வேண்டும் எனவும் அத்தீர்ப்பு நெறிப்படுத்தியது.

இரண்டாவது, நிபந்தனை நிறைவேற்றத்தக்கதாய் இருத்தல் வேண்டும். நம் பகுதியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கருதிப் பார்ப்போம். 1998இல் சிறை சென்ற ஒருவர் இன்று வெளிவருகிறார். ‘மாவட்டத்தை விட்டு வெளியேறலாகாது’ என்பது நிபந்தனை என்க. அவர் சிறை சென்றபோது பல்லடமும் அவிநாசியும் திருப்பூரும் கோவை மாவட்டத்தில் இருந்தன. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று. சோமனூரில் விசைத்தறி ஓட்டும் வேலை கிடைத்த அவர், நூல் எடுக்கப் பல்லடம் சென்றால் நிபந்தனையை மீறியவர் ஆகிறார்! அவ்வாறே, வேலைநாளில் காவல் நிலையத்தில் கையொப்பமிட வேண்டும் என்றால் அந்நாட் கூலி போய்விடும்; வாரந்தோறும் விடுப்புக் கேட்பவரை எந்த முதலாளி வைத்திருப்பார்? ஞாயிற்றுக்கிழமையில் கையொப்பமிடச் செய்தால் அதே கண்காணிப்பு நிகழும், பிழைப்பும் கெடாது.

மூன்றாவது, நிபந்தனைக்குக் கால எல்லை வேண்டும். என்று முடியும் எனத் தெரியாத நிபந்தனை, சுவரில்லாச் சிறையே.

நான்காவது, நிபந்தனை இழந்தோரை மதிப்பதாய் இருத்தல் வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வீட்டருகே செல்லாமை, சாட்சிகளை அணுகாமை, விடுதலையைக் கொண்டாட்டமாக்காமை ஆகியவற்றைக் கைதியும் அவர் உறவினரும் மனமுவந்து ஏற்க வேண்டும். சிறைவாயிலில் மாலையும் வெடியும் ஒருவனுக்கு வரவேற்பாகலாம். எதிர்த்தெருவில் ஒரு தாய்க்கு அது இரண்டாம் சாவு. இதனைக் குறித்துச் சட்டம் கூறாவிடினும் நம் பெரியோர்கள் கூற வேண்டும்.

சமுதாயத்தின் நிபந்தனை

கைதிக்கு விதிக்கப்படும் நிபந்தனைகளைப் பற்றியே பேசினோம். வெளியில் உள்ள நமக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கால் நூற்றாண்டு உள்ளிருந்தவர்க்கு ஆதார் அட்டை இராது. வங்கிக் கணக்கு இராது. கைப்பேசியை இயக்கத் தெரியாது. நன்னடத்தை அலுவலர் ஒருவர் எத்தனை பேரைக் கவனித்தல் கூடும்? கோவைச் சிறையில் நெசவு கற்றவர்க்கு வெளியில் ஒரு தறி வேண்டும். சிங்காநல்லூர்த் திறந்தவெளிச் சிறையில் உழுது பழகியவர்க்கு வெளியில் ஒரு வேலை வேண்டும். ஊர் ஜமாஅத்தும் சங்கங்களும் தொழில் முனைவோரும் இப்பொறுப்பை ஏற்கலாம். அவ்வாறு ஏற்கும்போது தம் சமயத்தார்க்கு மட்டுமின்றி, சிறையினின்று வரும் எவர்க்கும் ஏற்றல் வேண்டும். அவ்வாறே, குற்றத்தால் குடும்பத் தலைவரை இழந்தோரின் பிள்ளைகள் கல்விக்கும் கை நீட்டல் வேண்டும். ஒரு கையால் விடுதலை கேட்டு, மறு கையால் ஆறுதல் அளிக்காத சமுதாயத்தின் வேண்டுகோள் வலுவிழந்துவிடும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. குற்றத்தின் வகையை மட்டும் நோக்கி என்றென்றைக்கும் கதவடைத்தல் சீர்திருத்தக் கொள்கைக்கு முரணானது. ஆராயாமல் கூட்டமாகத் திறந்துவிடுதலும் நீதிக்கு முரணானது. ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்து, தெளிவும் இயல்பும் எல்லையும் உள்ள நிபந்தனைகளோடு விடுவித்தலே நடுவுநிலை. தகுதியுடையோர் விண்ணப்பிக்காவிடினும் அரசு தானே முன்வந்து அவர்தம் முன்விடுதலையைப் பரிசீலிக்க வேண்டும் என 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளமை இந்நெறிக்கு வலுச் சேர்க்கிறது.

மாணவர் கேட்ட வினாவுக்கு நாம் இப்போது கூறும் விடை இது: குற்றத்துக்கு ஆளானவர்க்குரிய நீதி, குற்றவாளி சிறையில் கிடந்து அழிவதால் மட்டும் நிறைவுபெறாது. அவர் செய்ததை உணர்ந்தார், இனிச் செய்யார் என்னும் உறுதி கிடைப்பதிலும், இழந்த குடும்பத்தைச் சமுதாயம் கைவிடாமையிலும் அது உள்ளது. இழப்பின் எந்த அளவையும் இவ்விடை ஈடுசெய்யாது என்பதை நாம் அறிவோம். அரசமாதேவியின் கண்ணீரையும் சிறைக்கோட்டத்தின் பசியையும் ஒருங்கே கண்ட சாத்தனார் மரபில் வந்தவர்கள் நாம். இரண்டில் ஒன்றைக் காணாது கண்மூடிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

கோவைச் சிறை நிலத்தின் ஒரு பகுதி செம்மொழிப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. சுவர் இருந்த இடத்தில் மரம் வைத்தல் அரசால் இயலும். சிறையினின்று வருபவன் அம்மரநிழலில் அமரும்போது அருகில் இருப்பவர் எழுந்து போகாதிருத்தல் நம்மால் மட்டுமே இயலும்.